தப்பாக வாசித்தால் திட்டு, வேண்டுமென்றே தப்பாக வாசித்தால் கைதட்டலா?

கறுப்புக்கட்டை
ஞாயிறு, இரவு 10.40

எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. கேட்பதோடு சரி. வீட்டில் 61 கட்டை கீபோர்டு ஒன்று இருக்கிறது, மகள் அதில்தான் மூன்றாம் கிரேடு பரீட்சைக்குத் தயாராகிறாள். இன்று சாயங்காலம் கிளெமென்டியின் சொனாட்டினாவை வாசித்தாள். ஓபஸ் 36, முதல் எண். பியானோ படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு தடவையாவது அதைத் தாண்டித்தான் வருவார்கள். எப்போதும் இடறும் இடத்தில் இடறினாள். நானும் எப்போதும்போல முகத்தைச் சுளித்தேன்.

சாப்பிட்டு முடித்து விக்டர் போர்கேயின் பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போட்டேன். மனிதர் கோட்டு சூட்டுடன் வந்து உட்கார்கிறார். நோட்ஸைப் பார்த்து என்னவோ கோணல்மாணலாக வாசிக்கிறார். நிறுத்துகிறார், தாளை உற்றுப் பார்க்கிறார். தலைகீழாக வைத்திருக்கிறார்! திருப்பி வைத்து வாசித்தால் ரொசினியின் 'வில்லியம் டெல்' குதிரைப் பாய்ச்சல். கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, அவர் தப்பா வாசிச்சா சிரிக்கிறீங்க, நான் தப்பா வாசிச்சா முறைக்கிறீங்க. ரெண்டும் தப்புதானே?" என்றாள்.

பதில் சொல்லத் தெரியாமல் "போய்த் தூங்கு" என்று சொல்லிவிட்டேன். இங்கே வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். ரெண்டும் தப்புதானே?


ஸ்கேல்டீச்சர்
திங்கள், காலை 6.15

உங்கள் பெண் நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். முறைத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள் சார்.

நான் கோவையில் இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் பதிவைப் பார்த்ததும் ஒரு சோதனை செய்தேன். பீத்தோவனின் 'ஃப்யூர் எலீஸை' வேண்டுமென்றே தப்பாக வாசிக்க உட்கார்ந்தேன். நாலு வரிகூடப் போகவில்லை. தப்பு செய் என்று மூளை சொல்கிறது, விரல் கேட்கமாட்டேன் என்கிறது. பாதி இடங்களில் சரியாகவே வந்து விழுந்தது. மீதி இடங்களில் வெறும் சத்தம். சிரிப்பு வரவே இல்லை.

இங்கிலாந்தில் லெஸ் டாசன் என்று ஒரு நகைச்சுவை நடிகர் இருந்தார், 1993இல் காலமானார். ஊரறிந்த பாட்டை ஸ்வரம் தப்பி வாசிப்பதே அவருடைய முத்திரை. கவனித்துப் பாருங்கள், அவர் எல்லாவற்றையும் தப்பாக வாசிப்பதில்லை. இடது கை பெரும்பாலும் ஒழுங்காகப் போகும், தாளம் ஒரு இடத்திலும் நிற்காது. ஏழெட்டு ஸ்வரம் சரியாகப் போய், காது எந்த ஸ்வரத்தை ஆசையோடு எதிர்பார்க்கிறதோ சரியாக அந்த இடத்தில் பக்கத்துக் கட்டையில் விரல் இறங்கும். அதுவும் முழு நம்பிக்கையோடு, முகத்தில் ஒரு பெருமிதத்தோடு.

பிள்ளைகள் தப்பு செய்யும்போது முதலில் நிற்பது தாளம். "அச்சோ" என்று முகம் மாறும், திரும்பப் பின்னால் போய் ஆரம்பிப்பார்கள். கேட்பவருக்கு வருவது பரிதாபம். டாசனிடம் அந்த "அச்சோ" கிடையாது.

ஆகவே இரண்டும் ஒரே தப்பு அல்ல என்று சொல்லுங்கள். ஒன்று வழியில் தடுக்கி விழுவது. மற்றது சர்க்கஸில் கோமாளி கம்பியிலிருந்து விழுவது.


பாதாம்கீர்
திங்கள், காலை 9.02

பெரிய தத்துவமெல்லாம் வேண்டாம். நிஜ மேடையில் நிற்க முடியாதவர்கள் ஸ்டூலிலிருந்து விழுந்து காட்டிக் காசு பார்க்கிறார்கள். ஒரு தடவை சிரிக்கலாம். நம் ஊரில் ஒரு வித்வான் பாடிக்கொண்டே மேடையிலிருந்து உருண்டால் கைதட்டுவீர்களா?


வடமராட்சியான்
திங்கள், மாலை 5.48 (டொரோண்டோவிலிருந்து)

பாதாம்கீர் தம்பி, போர்கேயைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது. அவர் நிஜ மேடையிலிருந்துதான் வந்தவர்.

பிறந்தது 1909இல் கோப்பன்ஹேகனில், யூதக் குடும்பம். இயற்பெயர் போர்கே ரோசன்பாம். சின்ன வயதிலேயே கச்சேரிப் பியானோக்காரர். பெர்லினில் எகோன் பெட்ரியிடம் படித்தவர். பெட்ரி யார் என்று டீச்சரைக் கேளுங்கள், அவர் கையில் படிப்பது சின்ன விஷயம் இல்லை. பகிடி எல்லாம் பிறகு வந்தது. அதிலும் ஹிட்லரைப் பற்றி மேடையில் பகிடி விட்டவர். 1940 ஏப்ரலில் ஜெர்மன்காரர் டென்மார்க்குக்குள் நுழைந்தபோது அவர் ஸ்வீடனில் இருந்தார், அதனால் தப்பினார். பின்லாந்தின் பெட்சாமோ துறைமுகத்திலிருந்து அமெரிக்கக் கப்பல் ஒன்றில் ஏறிப் போனார். கையில் 20 டாலர். ஆங்கிலமும் தெரியாது. தியேட்டரில் திரும்பத் திரும்பப் படம் பார்த்து ஆங்கிலம் படித்தாராம்.

பதின்மூன்று வருஷம் கழித்து, 1953இல், பிராட்வேயில் ஒரு பியானோவுடன் தனி ஆளாக நிகழ்ச்சி தொடங்கினார். 849 காட்சி. தனியாள் நிகழ்ச்சிக்கு அது ஒரு சாதனை.

எனக்கு வயது அறுபத்தொன்று. நானும் ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினவன்தான். பாஷை தெரியாத ஊரில் முதலில் நீங்கள் இழப்பது பகிடியைத்தான். வேலை கிடைக்கும், வீடு கிடைக்கும். பகிடி விட்டு நாலு பேரைச் சிரிக்க வைக்கப் பத்து வருஷம் பிடிக்கும். அந்த மனுசன் ஒரு வருஷத்துக்குள் வானொலியில் சிரிக்க வைத்தார். என்னைக் கேட்டால் அவர் பியானோ வாசித்ததைவிட அதுதான் அதிசயம்.

ஸ்டூலிலிருந்து விழுவதைச் சொன்னீர்கள். விழுந்த பிறகு என்ன செய்தார் தெரியுமா? எழும்பி, ஸ்டூலுக்கு அடியிலிருந்து சீட் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வாசிப்பார். விழுவது யாருக்கும் வரும். பெல்ட்தான் போர்கே.


தவில்பேரன்
திங்கள், இரவு 11.30

கும்பகோணத்திலிருந்து ஆஜர். தாத்தா தவில், நான் கம்ப்யூட்டர். பாதாம்கீரின் கேள்விக்கு ஒரு வார்த்தை: நம் பக்கத்தில் கரகாட்டத்துக்கு வாசிக்கிற மேளத்தின் பெயரே 'நையாண்டி மேளம்'. ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வந்தால் ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுக்காமல் போவதில்லை. வித்வான் உருண்டால் கைதட்ட மாட்டோம், சரி. பபூன் உருண்டால் கைதட்டத்தான் போகிறோம்.

நான் சொல்ல வந்தது வேறு. டட்லி மூர் கேட்டிருக்கிறீர்களா? 1960இல் எடின்பரோவில் நாலு இளைஞர்கள் சேர்ந்து போட்ட 'பியாண்ட் த ஃப்ரிஞ்ச்' நிகழ்ச்சியில் அவர் பியானோவில் ஒரு சொனாட்டா வாசிப்பார். பீத்தோவன் எழுதாத பீத்தோவன் சொனாட்டா. கர்ஜனை, திடீர் மௌனம், மறுபடி கர்ஜனை, எல்லாம் அச்சு அசல். ஆனால் உள்ளே ஓடும் மெட்டு 'கர்னல் போகி' என்கிற பட்டாளத்து மார்ச். விசிலடித்துக்கொண்டு நடக்கிற பாட்டுக்குப் பட்டுப் பீதாம்பரம் கட்டிவிட்டது மாதிரி.

இதுவரைக்கும் சாதாரணம். முடிவில்தான் இருக்கிறது. முடிக்க வருகிறார். முடிகிற மாதிரி இரண்டு கார்ட் (பல கட்டைகளைச் சேர்த்து ஒரே அமுக்கு). முடியவில்லை. இன்னும் இரண்டு. இல்லை, மறுபடி கிளம்புகிறது. கையை உயர்த்துகிறார், ஜனங்கள் கைதட்டத் தயாராகிறார்கள், மறுபடி எங்கோ ஒரு மூலையிலிருந்து எட்டிப் பார்க்கிறது. ஒரு கட்டத்தில் வாசிக்கிறவர் முகத்திலேயே பீதி. பியானோவிடமிருந்து கையை விடுவிக்க முடியாமல் மாட்டிக்கொண்ட மனிதர்.

எனக்கு பீத்தோவன் அதிகம் தெரியாது. ஆனாலும் விழுந்து விழுந்து சிரித்தேன், ஏன் என்று யோசித்தேன். தனியாவர்த்தனத்தில் கோர்வையை மூன்று தடவை வைத்து முடிப்பார்கள் இல்லையா? மூன்றாவது தடவை முடிகிற இடம் தெரிந்து சபையே தொடையில் கையை ஓங்கிக் காத்திருக்கும். அங்கே வித்வான் வந்து விழவில்லை, இன்னொரு கோர்வை ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். சரி, அதையும் கேட்கலாம். அதுவும் முடியும் நேரத்தில் இன்னொன்று. ஐந்தாவதில் பாட்டுக்காரர் வாட்சைப் பார்ப்பார். பீத்தோவன் சில இடங்களில் நிஜமாகவே அப்படித்தான், முடிவை அறிவித்துவிட்டு மறுபடி மறுபடி அறிவிப்பார். மூர் அதை நாலு மடங்காக்கினார், அவ்வளவுதான்.


வடமராட்சியான்
செவ்வாய், காலை 7.10

'கர்னல் போகி' என்றதும் ஒரு விஷயம். 1914இல் வந்த மார்ச் அது. உலகம் முழுக்கப் பரவியது 1957இல் வந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படத்தால். கைதிகள் விசிலடித்துக்கொண்டு வருவார்களே, அது. அந்தப் பாலத்தைக் கட்டி வெடிவைத்துத் தகர்த்த இடம் பர்மாவும் இல்லை, தாய்லாந்தும் இல்லை. எங்கள் இலங்கையில் கித்துல்கல, களனி ஆறு. மூர் அதை பீத்தோவனாக்கியது படம் வந்து மூன்று வருஷத்துக்குள், எல்லார் வாயிலும் அந்த விசில் இருந்த நேரம். பகிடிக்கு முதல் ஊரறிந்த மெட்டு வேண்டும். அது தெரிந்தால் பீத்தோவன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.


ஓய்வுபெற்ற_கிளார்க்
செவ்வாய், பிற்பகல் 2.20

மதிய தூக்கத்தைக் கெடுத்துவிட்டீர்கள். கறுப்புக்கட்டை அவர்களின் மகள் கிளெமென்டி வாசிக்கிறாள் என்றதால் சொல்கிறேன். அதே சொனாட்டினாவை வைத்து எரிக் சாட்டி 1917இல் ஒரு வம்பு செய்திருக்கிறார். பெயர் 'அதிகாரவர்க்கச் சொனாட்டினா'. கிளெமென்டியின் நடையை எடுத்து, ஸ்வரங்களை அங்கங்கே தள்ளி வைத்து, வரிகளுக்கு நடுவில் ஒரு கதையையும் எழுதி வைத்தார்.

கதை என்ன தெரியுமா? ஒரு குமாஸ்தா ஆபீஸ் கிளம்புகிறான். சந்தோஷமாகப் படியேறுகிறான், நாற்காலியில் உட்கார்கிறான், பிரமோஷனைப் பற்றிக் கனவு காண்கிறான். பிரமோஷன் வராவிட்டாலும் சம்பளம் ஏறலாம் என்று நினைத்துக்கொள்கிறான். பக்கத்து வீட்டில் யாரோ பியானோவில் கிளெமென்டி வாசிக்கிறார்கள். அவனுக்கு மனசு கனக்கிறது.

முப்பத்து நான்கு வருடம் நான் வாழ்ந்த வாழ்க்கையை ஒரு பிரெஞ்சுக்காரர் நான் பிறப்பதற்கு முப்பத்தைந்து வருடம் முன்பே பியானோவுக்கு எழுதி வைத்துவிட்டார். கிளெமென்டிதான் எங்கள் மாடியில் கிடையாது, பக்கத்து வீட்டு மிக்சிதான்.

இன்னொன்றும் உண்டு. 1913இல் எழுதிய 'உலர்ந்த கருக்கள்'. கடல் பிராணிகளைப் பற்றிய மூன்று சிறு துண்டுகள். அதில் ஒரு இடத்தில் பல்வலி வந்த குயில்போல வாசி என்று குறிப்பு எழுதியிருப்பார் (குயில் இல்லை, அந்த ஊர் நைட்டிங்கேல். நமக்குக் குயில் என்று வைத்துக்கொள்வோம்). இரண்டாவது துண்டில் ஷோபானின் சாவு ஊர்வல மெட்டை எடுத்துப் போட்டு, அடியில் 'ஷூபர்ட்டின் புகழ்பெற்ற மசூர்காவிலிருந்து மேற்கோள்' என்று எழுதிவிட்டார். அப்படி ஒரு மசூர்காவே (போலந்து நாட்டு நடன இசை அது) கிடையாது. அடிக்குறிப்பிலேயே பொய். இதை நான் மிகவும் ரசித்தேன். ஆபீஸில் எத்தனையோ பேர் இல்லாத சர்க்குலரைக் காட்டி ஃபைலைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.


பாதாம்கீர்
செவ்வாய், மாலை 4.05

கேட்டேன் சார், 'அதிகாரவர்க்க'த்தை. சின்னப் பையன் வாசிக்கிற மாதிரி ஒரு துண்டு. ஒரு சிரிப்பும் வரவில்லை. கதை தாளில் இருக்கிறது, சபைக்கு எப்படித் தெரியும்? யாராவது வாசித்துச் சொல்ல வேண்டுமா?


ஓய்வுபெற்ற_கிளார்க்
செவ்வாய், மாலை 4.31

அதில்தான் வேடிக்கை தம்பி. சத்தமாக வாசிக்கக் கூடாது என்று சாட்டியே தடை போட்டிருக்கிறார்! 1914இல் எழுதிய இன்னொரு தொகுப்பின் முன்னுரையில், வாசிக்கும்போது வரிகளை உரக்கப் படிப்பதைத் தடை செய்கிறேன் என்று கண்டிப்பாக எழுதி வைத்தார்.


பாதாம்கீர்
செவ்வாய், மாலை 4.33

அப்படியென்றால் யார் சிரிப்பது?


ஸ்கேல்டீச்சர்
செவ்வாய், இரவு 8.50

வாசிக்கிறவர்தான்.

சபையில் முந்நூறு பேர் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் ஒருத்தி, அவள் கண் முன்னால் குமாஸ்தா பிரமோஷன் கனவு காண்கிறான், குயிலுக்குப் பல் வலிக்கிறது. அவள் மட்டும் அதைப் படித்துக்கொண்டு, முகத்தை வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும்போது ஒரு தடவை சாட்டி வாசித்தேன். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டதை என் ஆசிரியை 'ஆழ்ந்த ஈடுபாடு' என்று பாராட்டினார்.

பியானோக்காரர்களுக்கு இந்தத் தனிச் சிரிப்பு பழக்கம்தான். சேன்-சான்ஸ் 1886இல் எழுதிய 'விலங்குகளின் திருவிழா'வில் சிங்கம், ஆமை, யானை, கங்காரு என்று வரிசையாக வரும். நடுவில் ஒரு மிருகத்தின் பெயர் 'பியானோக்காரர்கள்'. அவர்கள் என்ன வாசிப்பார்கள்? ஸ்கேல். மேலே போவது, கீழே வருவது. கற்றுக்குட்டி தட்டுத்தடுமாறி வாசிப்பதுபோல வாசிக்க வேண்டும் என்று அச்சுப் பிரதியில் குறிப்பே உண்டு. என் பெயரை இதற்காகத்தான் வைத்துக்கொண்டேன். கறுப்புக்கட்டை சார், பெண்ணிடம் சொல்லுங்கள், அவள் தடுமாறுவதை உலகத்தின் பெரிய பெரிய பியானோக்காரர்கள் ரிகர்சல் போட்டு வாசிக்கிறார்கள்.

அதே தொகுப்பில் ஆமைக்கு ஆஃபன்பாக்கின் கான்-கான் ஆட்டப் பாட்டை எடுத்துக் கொடுத்திருப்பார், ஆமை வேகத்தில். இதற்கு ஒரு விளக்கமும் வேண்டாம், கேட்ட உடனே சிரிப்பு வரும். ஆனால் மனிதருக்குப் பயம். இது வெளியே வந்தால் தன்னை யாரும் பெரிய இசையமைப்பாளராக மதிக்க மாட்டார்கள் என்று, தான் உயிரோடு இருக்கும்வரை 'அன்னம்' ஒன்றைத் தவிர எதையும் அச்சிட விடவில்லை. 1921இல் போனார், 1922இல் அச்சு வந்தது. இன்று அவர் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோவதே அந்த ஆமையும் யானையும்தான்.


இட்லி_பூனை
செவ்வாய், இரவு 9.15

இவ்வளவு பேர் வந்தாச்சு, டாம் அண்ட் ஜெர்ரியை யாரும் சொல்லவில்லையே! எனக்குத் தெரிந்த ஒரே பியானோ கச்சேரி அதுதான். டாம் கோட்டு போட்டு வந்து வாசிக்கும், ஜெர்ரி உள்ளே சுத்தியல்களுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த மெட்டு என் மண்டையில் முப்பது வருடமாக ஓடுகிறது.


ஸ்கேல்டீச்சர்
செவ்வாய், இரவு 9.40

அது லிஸ்ட்டின் ஹங்கேரியன் ராப்சொடி, இரண்டாம் எண். படத்தின் பெயர் 'த கேட் கன்செர்ட்டோ', 1947இல் ஆஸ்கர் வாங்கியது. இதில் ஒரு சண்டை உண்டு. ஏறக்குறைய அதே நேரத்தில் வார்னர் பிரதர்ஸ் பக்ஸ் பன்னியை உட்கார வைத்து அதே ராப்சொடியை வாசிக்க வைத்த 'ராப்சொடி ராபிட்' வெளியிட்டது. அங்கேயும் பியானோவுக்குள் ஒரு எலி! எங்களைப் பார்த்து அடித்தார்கள் என்று இவர்கள் அவர்களையும், அவர்கள் இவர்களையும் குற்றம் சொன்னார்கள். யார் யாரைப் பார்த்தார்கள் என்பது இன்றுவரை தீராத வழக்கு.

ஏன் எல்லோரும் அந்த ராப்சொடியையே பிடிக்கிறார்கள் என்றால், அது பாதி கேலிக்குத் தயாராகவே வருகிறது. முதல் பாதி மீசையை முறுக்கிக்கொண்டு வருகிற ஜமீன்தார் நடை. இரண்டாம் பாதி அதே ஜமீன்தார் காலில் எறும்பு ஏறின மாதிரி ஓட்டம். கடைசியில் ஒரு இடத்தில் லிஸ்ட் நிறுத்திவிட்டு, இங்கே உன் சொந்தச் சரக்கைப் போட்டுக்கொள் என்று வாசிப்பவருக்கு இடம் விட்டிருக்கிறார். ராக்மானினோவ் அதற்கு ஒன்று எழுதினார். போர்கேயும் விடவில்லை, சாஹன் அர்சுருனி என்ற பியானோக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நாலு கையும் பின்னிக்கொண்டு கழுத்தைச் சுற்றி வாசிப்பதுபோல ஒரு அட்டகாசம். அதில் ஒரு ஸ்வரம்கூடத் தப்பாகாது, பாருங்கள்.


பாதாம்கீர்
புதன், காலை 10.12

போர்கேயை நேற்று இரவு ஒரு மணி நேரம் பார்த்தேன். சரி, முதலில் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியும்.

மீதிப் பாதி நிற்கிறது. எனக்குப் பிடிக்காதது பொருளை வைத்துச் சிரிக்க வைப்பது. ஆரஞ்சுப் பழத்தைக் கட்டைமேல் உருட்டுவது, ரப்பர் கோழியை அமுக்குவது. இப்போது வருகிற குட்டி வீடியோக்கள் பாதிக்குமேல் கோழிதான். கோழி இல்லாவிட்டால் அங்கே என்ன மிச்சம்?


தவில்பேரன்
புதன், காலை 11.45

கோழி விஷயத்தில் நானும் உங்கள் கட்சி.

ஆனால் இகுடெஸ்மன், ஜூ என்கிற இரட்டையர் செய்த ஒன்றைக் கோழிக் கணக்கில் சேர்க்காதீர்கள். ராக்மானினோவின் சி-ஷார்ப் மைனர் பிரெலூட் இருக்கிறதே, அவர் பத்தொன்பது வயதில் எழுதியது. அவருக்குக் கை ராட்சசக் கை, பன்னிரண்டு ஸ்வர அகலத்துக்கு விரிக்க முடிந்தவர் என்பார்கள். சாதாரண மனிதர் எட்டு ஒன்பதிலேயே நரம்பு இழுத்து நிற்பார்கள். அந்த பிரெலூட்டின் பிற்பகுதியில் கை கொள்ளாத கார்ட்கள் சரமாரியாக வரும். அங்கே வந்ததும், வயலின்காரர் இகுடெஸ்மன் மரச் சட்டங்களாக எடுத்து நீட்டுவார். ஒவ்வொரு சட்டத்திலும் அந்தந்த கார்டுக்குத் தேவையான கட்டைகளில் மட்டும் படுகிற மாதிரி முளைகள். ஜூ சட்டத்தை வாங்கி ஒரே அமுக்கு, அடுத்தது, அடுத்தது. வரிசையில் ஒன்று மாறினால் கதை கந்தல்.

மரச் சட்டம் பொருள்தான். ஆனால் அதை அறுத்தவருக்கு அந்த பிரெலூட்டின் ஒவ்வொரு கார்டும் விரலளவு தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தாத்தா சொல்வார், தவிலுக்கு வார் பிடிக்கத் தெரியாதவன் தவிலைக் கிண்டல் பண்ண முடியாது என்று.


வடமராட்சியான்
புதன், மாலை 6.30

பொருளே இல்லாமல் ஒன்று சொல்கிறேன், பாதாம்கீருக்காக. லண்டன், ராயல் பெஸ்டிவல் ஹால், 1956 நவம்பர். ஜெரார்ட் ஹாஃப்னுங் என்ற கார்ட்டூன்காரர் ஒரு இசைவிழா நடத்தினார். அதில் ஃபிரான்ஸ் ரைசன்ஸ்டைன் எழுதிய 'கன்செர்ட்டோ பொப்புலாரே'. விஷயம் இவ்வளவுதான்: ஆர்கெஸ்ட்ரா நினைத்துக்கொண்டிருப்பது சைக்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கன்செர்ட்டோ. பியானோக்காரி நினைத்துக்கொண்டிருப்பது நார்வேக்காரர் எட்வர்ட் கிரீக்கின் கன்செர்ட்டோ. இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கல்யாண வீட்டில் இரண்டு மேளக் கோஷ்டியும் ஒரே பந்தலுக்கு வந்துவிட்ட மாதிரி. ஆர்கெஸ்ட்ரா ஒரு அடி முன்னால் போனால், அவ ஒரு இடைவெளி பார்த்து கிரீக்கைக் கொண்டுவந்து நடுவில் இறக்குவா. இடையில் கெர்ஷ்வின் எட்டிப் பார்ப்பார், சாராயக் கடைப் பாட்டு ஒன்றும் வரும். வாசித்த இவோன் ஆர்னோ நடிகையாகப் பெயர் எடுத்தவர், ஆனால் முறைப்படி பியானோ படித்தவர். கேட்டுப்பாருங்கள், அவ சண்டை போடுவது முழுக்க விரலால்.

எனக்கு ஒன்று படுகிறது. ஹாஃப்னுங் பெர்லினில் பிறந்து, பையனாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். ரைசன்ஸ்டைன் 1934இல் ஜெர்மனியை விட்டு வந்தவர். போர்கே கதை முதலே சொன்னேன். மூன்று பேரும் ஒரே ஆளிடமிருந்து ஓடி வந்தவர்கள். மூன்று பேரும் கூட்டிக்கொண்டு வந்தது பீத்தோவனையும் லிஸ்ட்டையும்தான், பகிடி விட்டதும் அதே ஆட்களை வைத்துத்தான். வீட்டு ஆட்களைத்தான் அப்படிக் கிண்டல் பண்ணலாம்.


பாதாம்கீர்
புதன், இரவு 10.58

கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற அளவுக்குச் சிரித்தேன். கோழி பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.


இட்லி_பூனை
வியாழன், காலை 8.20

சிம்பிளாக ஒன்று: மார்க்-ஆந்த்ரே ஹாமலின் என்கிற கனடாக்காரர் நோக்கியா ரிங்டோனை வைத்து ஒரு வால்ஸ் எழுதியிருக்கிறார். கச்சேரிகளில் போன் அடிக்கிற எரிச்சலுக்குப் பதில். கேட்டால் ஷோபான் காலத்து நாகரிகச் சீமாட்டி நடனம் மாதிரி இருக்கும், நடுவில் நம்ம டிடிடி டிடிடி! இதில் கூத்து என்னவென்றால் அந்த ரிங்டோனே தாரேகா என்கிற ஸ்பெயின்காரர் கிட்டாருக்கு எழுதிய பழைய வால்ஸிலிருந்து வெட்டி எடுத்தது. வால்ஸ் போனாகி, போன் மறுபடி வால்ஸானது. என் முதல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் செய்தது, அதற்கும் இதில் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன்.


கறுப்புக்கட்டை
வியாழன், மாலை 7.05

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி போட்டேன், ஒரு வாரத்துக்குக் கேட்கக் கொடுத்துவிட்டீர்கள். மகள் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தாள். டீச்சரின் "அச்சோ"வைப் பிடித்துக்கொண்டு, இப்போது இடறும் இடத்தில் நிற்காமல் நேரே போகிறாள். தப்பு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் முகத்தில் பெருமிதம். இது முன்னேற்றமா என்று தெரியவில்லை.

அவளுக்கு நான் காட்டியது இங்கிலாந்து நகைச்சுவை நடிகர் எரிக் மோர்கம். 1971 கிறிஸ்துமஸுக்கு பிபிசியில் வந்தது. ஆர்கெஸ்ட்ராவை நடத்துவது ஆந்த்ரே பிரெவின், நிஜமாகவே அப்போது லண்டன் சிம்பொனியின் தலைமை நடத்துனர். மோர்கம் கிரீக் கன்செர்ட்டோ வாசிக்க வருகிறார். முன்வாசிப்பு முடிவதற்குள் பியானோவுக்குப் போய்ச் சேர முடியவில்லை. அதனால் முன்வாசிப்பை ஒரு கஜம் நீட்டச் சொல்கிறார். அப்புறம் கண்டபடி எதையோ தட்டுகிறார். பிரெவின் எல்லாம் தப்பு என்றதும் எழுந்து அவர் கோட்டுக் காலரைப் பிடித்து, நான் சரியான ஸ்வரங்களைத்தான் வாசிக்கிறேன், சரியான வரிசையில் இருக்கவேண்டும் என்று அவசியமில்லை என்கிறார்.

இதைக் காட்டியிருக்கக் கூடாது. இப்போது வீட்டில் எதற்கெடுத்தாலும் இதுதான் பதில். கணக்கு வீட்டுப்பாடம் உட்பட.


ஸ்கேல்டீச்சர்
வியாழன், இரவு 9.00

பரீட்சகரிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


கறுப்புக்கட்டை
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 11.15

இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். நேற்று வகுப்பின் ஆண்டு விழா, ஒரு கல்யாண மண்டபத்தில். மகளின் மிஸ்ஸிடம் அனுமதி வாங்கி, கிளெமென்டிக்குப் பிறகு ஒரு நிமிடத் துண்டு ஒன்று வாசித்தாள். 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டு, தவில்பேரன் சொன்ன டட்லி மூர் பாணியில், முடியாத முடிவு. இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு பழகினாள். என்னைக்கூட உள்ளே விடவில்லை.

வாசித்தாள். முதல் முடிவு. எல்லோரும் கைதட்டினார்கள். கை கட்டையிலேயே இருந்தது, மறுபடி ஆரம்பித்தாள். இரண்டாவது முடிவு, பாதிப் பேர் தட்டினார்கள். மூன்றாவது முடிவுக்கு எழுந்து வணக்கம்கூடச் சொல்லிவிட்டாள், மறுபடி உட்கார்ந்தாள். பின்வரிசையில் ஒரு தாத்தா "இன்னும் எத்தனை சரணம்?" என்று சத்தமாகவே கேட்டார்.

அந்த வணக்கத்தைப் பார்த்து மைக்செட் அண்ணன் முடிந்தது என்று நினைத்து லைனை அணைத்துவிட்டார். கீபோர்டு ஊமை. அவள் நிறுத்தவில்லை, விரல் போய்க்கொண்டே இருந்தது, முகத்தில் அதே பெருமிதம். அவர் பதறி லைனைப் போட்டார். போட்ட நொடியில் சரியாகக் கடைசி கார்ட் விழுந்தது. அவர் நிம்மதியாக மறுபடி அணைத்தார். அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

சபை உருண்டு புரண்டு சிரித்தது. இதில் எது அவள் திட்டம், எது மைக்செட் என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன்" என்கிறாள்.


தவில்பேரன்
ஞாயிறு, இரவு 11.28

மைக்செட் அண்ணன் நம்பர் கொடுங்கள் சார். அடுத்த கச்சேரிக்கு பக்கவாத்தியமாகப் போட்டுக்கொள்ளலாம்.


ஓய்வுபெற்ற_கிளார்க்
திங்கள், காலை 5.50

குழந்தைக்கு ஆசீர்வாதம். மிஸ் என்ன சொன்னார்?


கறுப்புக்கட்டை
திங்கள், காலை 7.20

கிளெமென்டியில் அந்த இரண்டாவது பக்கத்தை இன்னும் கொஞ்சம் பழக வேண்டும் என்றார் ஐயா.